ஓசிக் கூரை

எங்கள் லயத்தில் யாரைக் கேட்டாலும் சண்முகவடிவைப் பற்றி நல்ல வார்த்தை கிடைக்காது. என்னைக் கேட்டால் கெட்ட வார்த்தையே கிடைக்கும். அவளும் நானும் ஒரே வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பரா. நடுவில் ஒரே ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் எட்டாத சுவர். அவள் இருமினால் எனக்குக் கேட்கும், நான் முணுமுணுத்தால் அவளுக்குக் கேட்கும். நேருக்கு நேர் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டோம். சுவருக்கு மேலே ஒருத்தி எறிவாள், மற்றவள் திருப்பி எறிவாள். அவ்வளவுதான் எங்கள் உறவு.

என் பெயர் ஜீவராணி. வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு வந்துவிடலாம். அங்கே பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற அம்மாமார் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளுக்குப் பால்மா கரைத்துக் கொடுத்து, மூக்குத் துடைத்து, தூங்க வைத்து, தோட்டத்துச் சம்பளம் வாங்குகிறேன். புருசன் சுதாகரன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் கொத்துரொட்டி போடுகிறார். அந்தச் சம்பளத்தை நினைத்துத்தான் பல நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். வடிவுக்கு அந்தக் கவலை கிடையாது. வயது முடிந்து வேலையை விட்டு நின்றவள். புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் பிரியந்தி ஹட்டனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். வாயைத் திறந்தால் வடிவுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தோம். திறந்தபடியேதான் வைத்திருப்பாள்.

வேலையில் இருந்த காலத்திலும் அப்படித்தான். கொழுந்தை நிறுக்கும்போது சாக்கின் பாரம், ஈரத்தின் பாரம் என்று கொஞ்சம் கழிப்பது தோட்டத்துப் பழக்கம். மண்டையைப் பிளக்கிற வெயில் அடித்த ஒரு நாளில்கூட ஈரத்துக்கென்று கழித்தார்கள். மற்றப் பெண்கள் மனதுக்குள் திட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். வடிவு தன் சாக்கை அப்படியே ரோட்டில் கவிழ்த்தாள். "ஈரம் எங்க இருக்கு? புழிஞ்சு காட்டுங்க கணக்கப்பிள்ள" என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். அவர் புழிந்து காட்டவில்லை, இவளும் அள்ளவில்லை. அன்று அவளுக்கு அரைப் பேர்தான் விழுந்தது, அதாவது பாதி நாள் சம்பளம். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் வீட்டுக்குப் போக இருட்டிவிட்டது. வடிவு செய்கிற எதுவும் இப்படித்தான். அவளுக்கு ஒரு நட்டம் என்றால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு இரண்டு நட்டம்.

இனிக் கூரைக்கு வருகிறேன். எங்களுடையது பத்துக் காம்பரா லயம். தகரமெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. துருப்பிடித்து ஓட்டை விழுந்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்திருந்தோம். மழைக்காலத்தில் வீட்டிலிருக்கிற பாத்திரமெல்லாம் தரையில்தான் இருக்கும். தோட்டத்துத் தொரையிடம் போய்க் கேட்டால், "கம்பனிக்குக் கட்டுபடி ஆகாது, வேணும்னா நீங்களே போட்டுக்கங்க" என்பார். தொரைகள் மாறுவார்கள், பதில் மாறாது.

வடிவு வேலையை விட்டு நின்றபோது கையில் கிடைத்த சேமலாபக் காசைக் கொண்டுபோய்த் தலவாக்கலையில் பைஸர் நானாவின் ஹார்ட்வெயார் கடையில் கொட்டி, நீலத் தகரம் வாங்கிவந்து கூரையை மாற்றினாள். புதிய மரச்சட்டமும் அடித்தாள். காசு கையில் வந்ததும் தலைகால் தெரியவில்லை என்று நாங்கள் சிரித்தோம். அடுத்த மழைக்கு எங்கள் வீடுகளில் பாத்திரம் பரப்பியபோது அவள் காய்ந்த தரையில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. சுதாகரனை நச்சரித்துச் சிவப்புத் தகரம் போட்டேன். என்னைப் பார்த்து, வடிவுக்கு அந்தப் பக்கத்து வீட்டு லெட்சுமி பச்சை போட்டாள். வீம்புக்கு வீம்பாக, அடகு வைத்தும் சீட்டுப் பிடித்தும், பத்துக் காம்பராவும் மாறிவிட்டது. எங்கள் பிரிவில் ஒழுகாத லயம் எங்களுடையது மட்டும்தான்.

அந்த ஒழுகாத கூரைதான் எங்களுக்கு வினையாக வந்தது.

போன வருடம் ஒரு நாள் தொரையின் ஜீப்பில் நிரோஷன் என்று ஒரு பொடியன் எஞ்சினியர் வந்திறங்கினான். ஹட்டனில் சோலார் பூட்டுகிற கம்பனிக்காரன். முதலில் பேக்டரிக் கூரையைத்தான் பார்த்தானாம். அது பழைய சீட், மேலே ஆள் ஏறினால் உள்ளே விழுவார். சுற்றிலும் டர்பன்டைன் மரங்கள் வேறு, வெளிச்சமே படாது. எங்கள் லயம் மேட்டில் இருக்கிறது, பனி முதலில் விலகுவது இங்கேதான். நிரோஷன் ஏணி வைத்து ஏறித் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல ஸ்ட்ரோங் கூரை, நல்ல வெயில்" என்றான். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் அவனுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன், சீனியும் வைத்து.

கொஞ்ச நாளில் லொறியில் சோலார் பலகைகள் வந்தன. தகரத்தைத் துளைத்து, சட்டத்தோடு சேர்த்து முறுக்கி, நீளத்துக்குக் கம்பி போட்டு, லயத்தின் முன்பக்கம் முழுக்கப் பூட்டினார்கள். தோட்டத் தலைவர் கந்தப்பன் தேங்காய் உடைத்தார். யூனியன் தலைவர் அவர், மேல்லயத்தில் இருக்கிறார். தொரைக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று தொரை பேசுவதை எங்களுக்குச் சொல்வார், நாங்கள் பேசுவதைச் சொல்ல மறந்துவிடுவார். "இனிமே இந்த லயத்துல வெயில்தான் கரண்டு. நம்ம தலைக்கு மேலயே கரண்டு ஊறுது!" என்று முழங்கினார். சனம் ஏணியில் ஏறிப் பலகைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தது. ஒரு பொட்டுப் பட்டாலும் நிழல் விழும், துடையுங்கள் என்று நிரோஷன் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

தலைக்கு மேலே ஊறுகிற கரண்ட் நமக்குத்தானே? அப்படித்தான் நினைத்தோம். வேறு எவனுக்கும் அப்படித் தோன்றாமல் இருக்கலாம். தலைக்கு மேலே இருக்கிற எதுவும் தனக்குச் சொந்தம் என்று வாழ்நாளில் ஒரு தடவைகூட நினைக்கக் கிடைக்காத சனத்துக்குத்தான் அந்த ஆசை வரும். லெட்சுமி ஹொட்பிளேட் வாங்கினாள். நான் தண்ணீர் சுடவைக்கிற கேத்தல் வாங்கி, பிள்ளைகளுக்கும் எனக்கும் காலையில் சுடுதண்ணீரில் குளியல். விறகு பொறுக்கப் போவதையே லயம் விட்டுவிட்டது. வடிவு மட்டும் புகையூதிக்கொண்டு அடுப்போடு இருந்தாள். "மொதல்ல பில்லு வரட்டும், அப்பறம் குளிங்கடி" என்று சுவருக்கு மேலே எறிந்தாள். பொறாமை பிடித்தவள் என்று நானும் திருப்பி எறிந்தேன்.

பில் வந்தது. கொஞ்சமாக எரித்தால் யுனிட்டுக்கு ஒரு விலை, கூட எரித்தால் எல்லாமே ஏறுகிற கணக்கு அது. நாங்கள் கூட எரித்திருந்தோம். கேத்தலைத் தூக்கி மூலையில் போட்டேன். லெட்சுமி ஹொட்பிளேட்டைத் தன் நாத்தனார் தலையில் கட்டினாள். கந்தப்பனிடம் போய்க் கேட்டால், "அந்தக் கரண்டு கம்பி வழியா மின்சார சபைக்குப் போகுது. தோட்டத்துக்கு ஏதோ பாகம் வருது. ஒங்களுக்கு யாரு கொடுக்கிறதா சொன்னது?" என்றார். தேங்காய் உடைத்த வாய்தான் அது.

வடிவுக்கு இது போதவில்லை. வேறு ஏதோ சாமான் வாங்கத் தலவாக்கலைக்குப் போனவள் பைஸர் நானாவின் கடைக் கூரையில் அதே கம்பனியின் பலகைகளைப் பார்த்திருக்கிறாள். அவரிடம் என்ன ஏது என்று விசாரித்திருக்கிறாள். அன்று சாயங்காலம் லயத்து வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

"நானாவுக்கு அந்தக் கம்பனி மாசாமாசம் கூரை வாடக கொடுக்குது. கேட்டுட்டுத்தான் வாரேன். நல்ல கடை வச்சிருக்கிற மனுசனுக்குக் கூரைக்கு வாடக. நமக்கு? நம்ம கூரைக்கு வாடக வாங்குறவன் யாரு?"

பதில் எல்லாருக்கும் தெரியும். சொன்னால் அதற்குப் பிறகு ஏதாவது செய்ய வேண்டிவரும், அதனால் ஆளாளுக்கு அடுப்பைப் பார்க்கப் போனோம்.

மறுநாள் அவள் ஒப்பீசுக்குப் போனபோது நானும் பால்மா வாங்க அங்கே நின்றேன். அதனால் இதை யாரும் சொல்லிக் கேட்டு எழுதவில்லை. தொரை நல்ல மனுசன் போலத்தான் பேசுவார், தமிழும் எங்களை மாதிரியே பேசுவார். வடிவை உட்காரச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"லயம் தோட்டத்தோடது. சுவரும் கூரையும் தோட்டத்தோடது. வாடக யாருக்கு வரணுமோ அவங்களுக்கு வருது" என்றார்.

"சுவரு ஒங்களோடதா இருக்கட்டும் தொரை. தகரம் என்னோடது. நான் ஒழச்ச காசு. கூரை ஒழுகுதுன்னு வந்தப்ப நீங்களே போட்டுக்கங்கன்னு சொன்னது இந்த ஒப்பீசுதான்."

"போட்டா ஒன்னோடதாயிடுமா?"

"பின்ன யாரோடது?"

தொரை சிரித்தார். அங்கே நின்ற கிளாக்கரும் சிரித்தார். நானும் பால்மாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு லேசாகச் சிரித்தேன், சம்பளம் வாங்குகிறவர்கள் சிரிக்க வேண்டிய இடம் அது.

"சரி. ஒன்னோட தகரம்னா கழட்டி எடுத்துட்டுப் போ. யாரு வேணாங்கிறது?"

ஆனி மாதம். வெளியே மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலிருக்கிற கூரையை எந்தப் பைத்தியமாவது ஆனி மாதத்தில் கழற்றுமா? தொரை அந்தத் தைரியத்தில்தான் சொன்னார். ஈரம் என்று சொன்னவர் முன்னால் கொழுந்தைக் கொட்டிவிட்டுப் போனவள் இவள் என்பது தொரைக்குத் தெரியாது. அவர் புதிது.

வடிவு சோலார் கம்பனிக்குப் போன் போட்டாள். "என் தகரத்த நான் கழட்டப் போறேன், ஒங்க சாமான் அதுக்கு மேல இருக்கு, வந்து எடுத்துக்கங்க." தோட்டம் சொன்னால்தான் தொடுவோம் என்றார்கள். சரி என்று போனை வைத்தாள். அடுத்த நாள் காலை, பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆள் போன பிறகு, ஹட்டனிலிருந்து லீவு போட்டு வந்த பிரியந்தி ஏணியைப் பிடித்துக்கொள்ள, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கூரை மேல் ஏறினாள். பலகை பூட்டாத பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஆணியாகத் திருகத் தொடங்கினாள்.

அந்தச் சத்தத்துக்கு நான் பிள்ளைக் காம்பராவிலிருந்து ஓடி வந்தேன். லயத்தில் ஒரு வீட்டுத் தகரத்தின் மேல் அடுத்த வீட்டுத் தகரம் ஏறி உட்கார்ந்திருக்கும். அவள் கழற்றினால் என் வீட்டு ஓரம் திறந்துவிடும்.

"ஏய் கெழட்டுச் சனியனே, என் வீட்டுக்குள்ள தண்ணி எறங்குதுடி!" என்று கத்தினேன். பல வருடத்துக்குப் பிறகு முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"பாத்திரத்த வையி. ஒனக்குப் பழக்கந்தானே?" என்றாள் மேலேயிருந்து.

காவல்காரன் ஓடிப்போய்ச் சொல்லித் தொரை ஜீப்பில் வந்தார். கந்தப்பன் அவருக்குப் பின்னால் குடையோடு. "எறங்கு! எறங்கு!" என்று தொரை கத்தினார். வடிவு நின்று நிதானமாகக் குனிந்து பார்த்தாள். "நீங்கதானே சொன்னீங்க தொரை, கழட்டிட்டுப் போன்னு? போய்க்கிட்டு இருக்கேன்." அதற்குள் நிரோஷன் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. "அம்மா, அத தொடாதீங்க, ஷோக் அடிச்சா செத்துப்போவீங்க!" என்று கதறிக்கொண்டு போய் மெயினை நிறுத்தினான். பின்பக்கத் தகரம் போய்விட்டது, முன்பக்கம் ஆட்டம் கண்டுவிட்டது. பலகை சரிந்து விழுந்தால் அவன் கம்பனிக்குத்தான் நட்டம். தொரையின் முகத்தைப் பார்க்காமலேயே தன் ஆட்களைக் கூப்பிட்டு, வடிவின் கூரையிலிருந்த பலகைகளைக் கழற்றி இறக்கினான்.

அப்புறம்தான் இன்னொரு சங்கதி தெரிந்தது. பலகைகளெல்லாம் ஒன்றோடொன்று வரிசையாகக் கோர்த்தவை. நடுவில் ஒரு வீட்டைக் கழற்றினால் லயம் முழுக்கச் செத்துவிடும். அன்று மத்தியானம் வெயில் எட்டிப் பார்த்தபோது எங்கள் பத்துக் கூரையிலும் ஒரு யுனிட் ஊறவில்லை.

வடிவு தகரங்களைச் சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டு, வீட்டுக்கு மேலே பிளாஸ்டிக் படங்கை இழுத்துக் கட்டி அதற்குள் இருந்தாள். அடுப்பு நனைந்தது, பாய் நனைந்தது. நடுச்சுவரும் ஊறி என் பக்கம் சுண்ணாம்பு உரிந்து விழுந்தது. என் கட்டிலை இரண்டு தடவை இழுத்துப் போட்டேன். நாள் முழுக்கத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று எழுதினால் அச்சில் போடமாட்டார்கள். அவள் இருமுவது மட்டும் கேட்டது. திரும்ப எதையும் எறியவில்லை.

தொரை சும்மா இருக்கவில்லை. கந்தப்பனிடம் சொல்லியனுப்பினார். கூரையில்லாத காம்பரா குடியிருக்கத் தகுதியில்லாத காம்பரா. மாத முடிவுக்குள் தகரத்தையும் பலகையையும் பழையபடி பூட்டச் சம்மதிக்காவிட்டால் தோட்டம் பூட்டுப் போட்டு எடுத்துக்கொள்ளும். அந்த வீட்டிலிருந்து இப்போது யாரும் தோட்டத்தில் வேலை செய்யவுமில்லை. வடிவு பிறந்தது அந்தக் காம்பராவில், பிள்ளை பெற்றது அந்தக் காம்பராவில். வாய்க்கு விலை இவ்வளவா என்று நினைத்தேன்.

இந்த இடத்தில்தான் என்னையும் இழுத்தார்கள். கந்தப்பன் சாயங்காலம் என் வாசலுக்கு வந்தார். வழக்கமில்லாமல் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"ராணி, அந்தப் பொம்பளைய விடு. அவ வீட்டத் தாண்டி, ஒன் கூரையில இருந்து அந்தப் பக்கத்து வீட்டுக் கூரைக்கு ஒரு கேபிள் இழுத்தா போதுமாம், மறுபடி ஓடும். ஒன் ஓரத்துல ஒரு கம்பம் நடணும். தொரை ஒங்கிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"என்னையக் கேக்க வேண்டிய அவசியம்? கூரை தோட்டத்தோடதுன்னாங்களே."

"அதெல்லாம் இப்ப பேசாத. சும்மா இல்ல, மாசாமாசம் ஒன்னோட கரண்டு பில்ல தோட்டமே கட்டும். ஒன்னோடது மட்டும். வேற யாருக்கும் சொல்லாத." எழுந்திருக்கும்போது, "பிள்ளக் காம்பரா வேலையும் இருக்குல்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும். கூரையே இல்லாத வீட்டுக்குக் கேட்காமலா? ஏதாவது எறிவாள் என்று காத்திருந்தேன். அவள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெஞ்சினால் முடியாது என்று சொல்லியிருப்பேன், திட்டினால் வேண்டுமென்றே சரி என்றிருப்பேன். கேபிள் ஓடிவிட்டால் தொரைக்கு அவள் தேவையே இல்லை. மாத முடிவில் பூட்டைக் கொண்டுவருவார்கள். அவளும் போவாள், என் சுவரும் காயும். யோசித்துப் பார்த்தால் எனக்கு எல்லாமே லாபம்தான்.

காலையில் நிரோஷன் கேபிள் சுருளோடு வந்து என் சுவரில் ஏணியைச் சாய்த்தான். கந்தப்பனும் நின்றார். லயத்துச் சனம் வாசல் வாசலாக நின்று வேடிக்கை பார்த்தது. வடிவு படங்குக்குக் கீழே குந்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. நான் சம்மதம் சொல்ல வாயெடுத்தவள், ஏனோ அந்தப் பொடியனிடம் ஒன்று கேட்டேன்.

"தம்பி, நானாவுக்குக் கொடுக்கிற மாதிரி எங்க பத்து வீட்டுக்கும் ஏதோ கொஞ்சம் வாடக போட்டுக் கொடுத்தா என்ன? இவ்வளவு ரோதன எதுக்கு?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "இல்லக்கா, சபை வாங்குற விலைய கொறச்சிட்டாங்க. நானாட கூரை பெரிய கூரை, ஒரே ஆள், ரோட்டோரம். இங்க பத்து வீட்டுக்கும் வாடக கொடுத்தா கம்பனிக்குக் கட்டுபடி ஆகாது. தோட்டத்துக்குக் கொடுக்கிறதே கொஞ்சந்தான். கூரை சும்மா கெடைச்சதாலதான் இந்த ப்ரொஜெக்டே."

கட்டுபடி ஆகாது.

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. நாள் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் கட்டுபடி ஆகாது. கக்கூஸ் கட்டித் தரச் சொன்னால் கட்டுபடி ஆகாது. பிள்ளைக் காம்பராவுக்கு இரண்டு பாய் கேட்டபோது என்னிடமே சொன்னார்கள், கட்டுபடி ஆகாது. தேயிலையில்தான் அந்தக் கதை என்றால், எவனும் நடாத, எவனும் கொத்தாத வெயிலிலும் அதே கதையா? எங்களுடையது சும்மா கிடைத்தால் மட்டும் எல்லாவனுக்கும் கட்டுபடி ஆகிறது. அந்தப் பொடியன் மேல் எனக்குக் கோபமில்லை, அவன் கணக்கைச் சொன்னான். அந்தக் கணக்கைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

"ஏணிய எடுங்க தம்பி" என்றேன்.

கந்தப்பன் திடுக்கிட்டார். "ராணி, என்ன பேசுற?"

"செவப்புத் தகரம் என்னோடது. என் புருசன் கொத்து போட்டு வாங்கினது. வாடக தந்தா கம்பம் நடுங்க, இல்லன்னா என் கூரையில இருக்கிறதையும் கழட்டுங்க. ஒங்களுக்குக் கட்டுபடி ஆகலன்னா எங்களுக்கும் கட்டுபடி ஆகாது."

அந்தப் பக்கத்து வீட்டு லெட்சுமி இன்னும் கேபிளுக்குக் காத்திருந்தாள். அவளும், "என்னோடதும்தான்" என்றாள். அப்புறம் மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள், சிலர் பயந்து பயந்து, ஒருத்தன் தன் பெண்டாட்டி இடித்த பிறகு. இதற்காக வடிவு என்னைப் பார்த்து நன்றி சொன்னாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். களைந்த தண்ணீரை வாசல் கானில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கம்பனி இரண்டு வாரம் தொரையோடு பேசிப் பார்த்தது. பிறகு லொறி வந்து எல்லாப் பலகைகளையும் ஏற்றிக்கொண்டு போனது. வாடகையும் இல்லை, பில்லும் குறையவில்லை, பிள்ளைக் காம்பராவில் என் தலைக்கு மேலே கத்தி இன்னும் தொங்குகிறது. மிச்சம் எங்களுக்கு என்னவென்றால் கூரை நிறைய ஆணி ஓட்டைகள். அன்றே மழை பிடித்துக்கொண்டது. பிரிவில் ஒழுகாத ஒரே லயத்தில் பத்து வீட்டிலும் பாத்திரம் இறங்கியது. சனம் முழுக்கத் திரும்பி வடிவின் மேல் பாய்ந்தது. உன்னால்தான், உன் வாயால்தான், சும்மா கிடந்த கூரையை ஓட்டை போட்டவள் நீதான்.

கூரையில்லாத காம்பரா என்று தோட்டம் பூட்டுப் போட வராதபடி, வடிவு மகளை வைத்துத் தன் நீலத் தகரத்தை ஏற்றிப் பூட்டினாள். மறுநாள் எங்கிருந்தோ ஒரு தார் டின்னும் பழைய துணியும் கொண்டுவந்து, லயத்தின் ஒரு கோடியிலிருந்து ஒவ்வொரு கூரையாக ஏறி ஓட்டைகளை அடைக்கத் தொடங்கினாள். யாரும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. கீழேயிருந்து சனம் திட்டிக்கொண்டே இருந்தது. என் கூரைக்கு வந்தபோது பிரியந்தி வேலைக்குப் போய்விட்டிருந்தாள், ஈரத்தில் ஏணி வழுக்கியது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு திட்டினேன்.

அந்த நேரம் கந்தப்பன் வந்தார். அதற்கு முதல் நாள் நாங்கள் பத்து வீட்டுக்காரரும் ஒப்பீசுக்குப் போயிருந்தோம். கம்பனி துளைத்த ஓட்டையைத் தோட்டம்தான் சரிசெய்து தர வேண்டும், கூரையை வாடகைக்கு விட்டது தோட்டம்தானே என்று கேட்டிருந்தோம். அதற்குத் தொரையின் பதிலைக் கொண்டுவந்திருந்தார். குடையைப் பிடித்தபடி வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"தோட்டத்தால ஒரு சதமும் தர முடியாதாம். தகரம் நீங்க வாங்கிப் போட்டது, கூரை ஒங்களோடது. ஓட்டையையும் நீங்களே பார்த்துக்கணுமாம். தொரை சொல்லச் சொன்னாரு."

சனம் மறுபடியும் சாபம் விடத் தொடங்கியது. கூரை மேலே தார் தேய்க்கிற சத்தம் நின்றது. வடிவு மெதுவாக நகர்ந்து ஓரத்துக்கு வந்து, கருப்புக் கையைத் தகரத்தில் ஊன்றிக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"தலைவரே, மழைச் சத்தத்துல சரியா விழல. கூரை யாரோடதுன்னு தொரை சொன்னாரு?"

கந்தப்பனுக்கு அப்போதும் விளங்கவில்லை. "ஒங்களோடதுன்னுதான்!" என்றார் எரிச்சலோடு.

"ஒப்பீசுக்குக் கேக்கணும். இன்னுங் கொஞ்சம் சத்தமா."

"கூரை ஒங்களோடதுதான்! ஒங்களோடதுதான்!" என்று கழுத்து நரம்பு புடைக்க அவர் கத்தினார். திட்டிக்கொண்டிருந்த சனம் ஒவ்வொருவராக வாயை மூடியது. நானும் மூடினேன்.